‘அவர்கள் அப்படித்தான்’: தப்பெண்ணத்தை அறியவும் குறைக்கவும் ஒரு பாடம்

நம் தோட்டங்களில் நாள்தோறும் காதில் விழும் ஒரு சொற்றொடர் உண்டு. பால் நிறுக்கும் கொட்டகையிலும், கடைத்தெருவிலும், கோயில் திருவிழாக் கூட்டத்திலும் அது தாராளமாகப் புழங்குகிறது. “அவர்கள் அப்படித்தான்” என்பதே அது. யாரைப் பற்றிய பேச்சு என்பது ஆளுக்கு ஆள் மாறும். ஒருவருக்கு மலாய்க்காரர், ஒருவருக்குச் சீனர், இன்னொருவருக்கு அண்மையில் வந்திறங்கிய வங்காளதேசத்து இளைஞர். சொற்றொடர் மட்டும் மாறுவதில்லை. அதைச் சொல்லி முடித்தவுடன் பேச்சும் முடிந்துவிடுகிறது; மேற்கொண்டு எவரும் எதையும் கேட்பதில்லை.

ஒரு மனிதரை அவர் செய்ததைக் கொண்டு மதிப்பிடாமல், அவர் பிறந்த இனம், பேசும் மொழி, வணங்கும் சமயம் ஆகியவற்றைக் கொண்டு முன்கூட்டியே மதிப்பிட்டுவிடுவதைத் தப்பெண்ணம் என்கிறோம். அது மனத்தில் இருக்கும்வரை எண்ணம். வேலை கொடுப்பதிலும், கூலி போடுவதிலும், பக்கத்தில் உட்கார இடம் விடுவதிலும் அது வெளிப்படும்போது பாரபட்சம். பால்மரத்தோடு பழகியவர்களுக்கு இதை விளக்குவது கடினமன்று. ஒரே நிரையில், ஒரே நாளில் நட்ட மரங்களில் ஒன்று கோப்பை நிறையப் பால் தரும். அடுத்தது அரைக் கோப்பையோடு நின்றுவிடும். நிரையைப் பார்த்து மரத்தை மதிப்பிடும் தொழிலாளி எவருமிலர். ஆனால் அதே தொழிலாளி, மாலையில் வீடு திரும்பியதும், நிரையைப் பார்த்தே மனிதரை மதிப்பிடுகிறார்.

இந்தப் பழக்கத்தைப் பயிற்சியால் குறைக்க முடியுமா? முடியும் என்றும், எல்லாப் பயிற்சியாலும் முடியாது என்றும் கடந்த 70 ஆண்டு ஆராய்ச்சி கூறுகிறது. அதனைக் காண்பதற்கு முன், தோட்டத்திற்கும் தப்பெண்ணத்திற்கும் உள்ள பழைய உறவைச் சிறிது நோக்குவோம்.

ஆங்கிலேயர் ஆட்சியில் இரப்பர்த் தோட்டங்கள் பெருகியபோது, தோட்டத் துரைமாரிடையே ஓர் எழுதாத அட்டவணை வழங்கி வந்தது. மலாய்க்காரர் சோம்பேறி, சீனர் உழைப்பாளி, ஆயினும் அடங்காதவர், தென்னிந்தியர் பணிவானவர், சொன்னதைக் கேட்பவர். கடைசி வரி புகழ்ச்சி போலத் தோன்றும். உண்மையில் அதுவே நமக்கு மிகுந்த கேட்டை விளைத்தது. பணிவானவர் என்றால் குறைந்த கூலிக்கும் வாய் திறவாமல் உழைப்பவர் என்பது பொருள். கங்காணிமார் வழியாகத் தமிழ் நாட்டுச் சிற்றூர்களிலிருந்து ஆள் சேர்த்ததற்கு இந்த முத்திரையும் ஒரு காரணம். ஒரே வகையான வேலைக்குச் சீனருக்கு ஒரு கூலியும் இந்தியருக்கு அதனினும் குறைந்த கூலியும் கொடுக்கப்பட்டதற்கும் இதுவே சமாதானமாகச் சொல்லப்பட்டது. கூலி என்பது நம் மொழியில் உழைப்புக்குரிய ஊதியம்; துரைமார் பேச்சில் அதே ஒலியுடைய சொல் உழைக்கும் ஆளுக்கே பெயராயிற்று.

‘சோம்பேறி’ என்ற முத்திரையைச் சோதித்துப் பார்த்தவர் அறிஞர் சையது உசேன் அலாத்தாஸ். சிங்கப்பூர்ப் பல்கலைக்கழகத்தில் மலாய் ஆய்வுத் துறைக்குத் தலைமை தாங்கிய அவர், 1977 ஆம் ஆண்டில் ‘சோம்பேறிச் சுதேசி என்னும் கட்டுக்கதை’ எனப் பொருள்படும் தலைப்பில் ஓர் ஆங்கில நூலை வெளியிட்டார். மலாய்க்காரர், சாவகர், பிலிப்பினோக்கள் ஆகிய மூன்று மக்களைப் பற்றியும் குடியேற்ற ஆட்சியினர் எழுதி வைத்தவற்றை அவர் ஆராய்ந்தார். அவருடைய முடிவு எளிமையானது. மலாய்க் குடியானவர் வயலில் நெல் விளைத்தார், ஆற்றிலும் கடலிலும் மீன் பிடித்தார், படகு கட்டினார். அந்நியருடைய தோட்டத்திலும் சுரங்கத்திலும் கொத்தடிமைபோல் உழைக்க மட்டும் அவர் இணங்கவில்லை. தமக்கு உழைக்க மறுத்தவரை ஆட்சியாளர் சோம்பேறி என்றனர். அதே குடியானவர் தம் கம்பத்திலேயே ஓரிரு ஏக்கரில் இரப்பர் நட்டுப் பால் வெட்டியதை அந்த அட்டவணை கணக்கில் சேர்க்கவேயில்லை.

‘பணிவானவர்’ என்ற முத்திரை கிழிந்த கதை நம்முடையது. 1941 ஆம் ஆண்டில் கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் இந்தியத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தனர். ஆர். எச். நாதன் அதற்குத் தலைமை தாங்கியவர்களுள் ஒருவர். சீனத் தொழிலாளருக்கு இணையான கூலி வேண்டும் என்று அவர்கள் கேட்டனர். துரைமாரும் கிராணிமாரும் எதிரே வரும்போது சைக்கிளை விட்டு இறங்க வேண்டும் என்ற வழக்கம் ஒழிய வேண்டும் என்று கேட்டனர். பிள்ளைகளுக்குக் கல்வியும், பெண்களுக்குப் பாதுகாப்பும், கள்ளுக்கடை மூடலும் கேட்டனர். அடங்கி நடப்பது இந்தியரின் பிறவிக் குணம் என்று நம்பியிருந்தவர்களுக்கு இது பேரதிர்ச்சியாக இருந்தது. படை வரவழைக்கப்பட்டது, துப்பாக்கிச் சூட்டில் தொழிலாளர்கள் உயிரிழந்தனர், நாதன் நாடு கடத்தப்பட்டார். ஒரு மக்கள் கூட்டத்தைப் பற்றி நூறு தடவை சொல்லப்பட்டதனாலேயே ஒன்று உண்மையாகிவிடாது என்பதற்கு, நம் பாட்டனார் காலத்திலேயே விலை கொடுத்து வாங்கிய சான்று இது.

இவ்வளவும் நமக்கு இழைக்கப்பட்டவை. நாம் பிறருக்கு இழைப்பவை எவை? இதைக் கேட்பதற்குச் சிறிது நெஞ்சுரம் வேண்டும். கப்பலேறி வந்தபோது சாதியையும் நாம் மூட்டை கட்டிக்கொண்டு வந்தோம். லயம் பிரித்துக் குடியிருந்த காலமும், கூடவே மரம் வெட்டியவர் வீட்டில் தண்ணீர் குடிக்கத் தயங்கிய காலமும் இருந்தன. இன்று அவை பெரிதும் தேய்ந்துவிட்டன. திருமணப் பேச்சு எழும்போது மட்டும் எங்கிருந்தோ எழுந்து வருகின்றன.

இன்று தோட்டங்களின் நிலை மாறிவிட்டது. பால்மரம் நின்ற நிலங்கள் பலவற்றில் செம்பனை நிற்கின்றது. நம் பிள்ளைகள் பலர் நகரத்துத் தொழிற்சாலைகளுக்குப் போய்விட்டனர். எஞ்சிய லயங்களில் இந்தோனேசியரும், வங்காளதேசத்தாரும், நேப்பாளியரும் குடியிருக்கின்றனர். அவர்களைப் பற்றி நாம் பேசுவதைக் கூர்ந்து கேட்டால், பழைய துரைமாரின் அட்டவணை மீண்டும் ஒலிப்பது தெரியும். அழுக்கானவர்கள், பொய் சொல்பவர்கள், குறைந்த கூலிக்கு வந்து நம் பிழைப்பைக் கெடுப்பவர்கள். முதல் இரண்டும் தப்பெண்ணம். மூன்றாவதை நாம் பிரித்துப் பார்க்க வேண்டும். பிழைப்பைப் பற்றிய அச்சம் பொய்யன்று. தோட்டம் துண்டாடப்பட்டு, வீடும் வேலையும் ஒருசேர இழந்த குடும்பங்களை நாம் அறிவோம். ஆனால் கூலியைத் தீர்மானிப்பவர் பக்கத்து லயத்தில் தகரப் பெட்டியோடு வந்திறங்கிய இளைஞரல்லர். தம் ஊரில் கடன் வாங்கி, முகவருக்குப் பணம் கட்டி வந்த அவருக்கும் அந்தக் கூலி போதவில்லை. குறைந்த கூலிக்காகக் கொண்டுவரப்பட்டவர் என்ற சொல் ஒரு காலத்தில் நம்மைக் குறித்தது. முறையீடு சரியானதாக இருந்தால் அதனைச் சங்கத்தின் வழியாக முதலாளியிடம் கொண்டு செல்லலாம். இனத்தின்மேல் இறக்கி வைத்தால் முறையீடு தீராது, பகைதான் மிஞ்சும்.

இனி, இந்த எண்ணம் மனத்தில் எவ்வாறு வேலை செய்கிறது என்பதைக் காண்போம்.

போலந்தில் பிறந்து இங்கிலாந்தில் பேராசிரியராக இருந்த என்றி தாஜ்ஃபெல், 1970 இல் ஒரு சோதனையின் முடிவை வெளியிட்டார். பிரிஸ்டல் நகரத்துப் பள்ளி மாணவர்கள், 14, 15 வயதினர், ஒருவரையொருவர் முன்பே அறிந்தவர்கள். திரையில் சில புள்ளிகளைக் காட்டி, எத்தனை என்று மதிப்பிடச் சொன்னார்கள். கூட்டி மதிப்பிட்டவர் ஒரு குழு, குறைத்து மதிப்பிட்டவர் மறு குழு என்று பிரித்ததாகச் சொல்லப்பட்டது. உண்மையில் குலுக்கல் போல்தான் பிரித்தார்கள். பிறகு ஒவ்வொருவரும் மற்றவர்களுக்குச் சிறு தொகைகளைப் பங்கிட வேண்டும். தமக்கென்று எதுவும் எடுக்க முடியாது. பெறுபவரின் பெயரும் தெரியாது. எண்ணும் குழுவும் மட்டுமே தெரியும். அவ்வளவு அற்பமான பிரிவினையிலும் மாணவர்கள் தம் குழுவினருக்கே மிகுதியாகக் கொடுத்தனர். ஓவியங்களில் எது பிடிக்கும் என்பதை வைத்துப் பிரித்த மற்றொரு சோதனையில் இன்னும் வியப்பான ஒன்று தெரிந்தது. தம் குழுவுக்குக் கூடுதலாகக் கிடைப்பதைவிட, எதிர்க் குழுவுக்கும் தமக்கும் இடைவெளி பெரிதாக இருப்பதையே பலர் விரும்பினர். அதற்காகத் தம் குழுவின் பங்கு குறைவதற்கும் அவர்கள் இணங்கினர்.

புள்ளியைக் கொண்டு பிரித்தவர்களே இப்படி என்றால், மொழியும் சமயமும் நிறமும் கொண்டு பிரிந்திருப்பவர்களைப் பற்றிச் சொல்ல வேண்டுவதில்லை. தப்பெண்ணம் தீயவர்களிடம் மட்டும் இருக்கும் நோயன்று. மனித மனம் சாயும் ஒரு சரிவு. இதை உணர்வது பயிற்சியின் முதற்படி.

இரண்டாவது நுட்பத்தை அமெரிக்க ஆய்வாளர் தாமஸ் பெட்டிகுரு 1979 இல் எடுத்துக் காட்டினார். நம்மவர் ஒருவர் தவறு செய்தால் சூழ்நிலையைக் காரணம் சொல்கிறோம். பிறர் செய்தால் அவருடைய இனக் குணத்தைக் காரணம் சொல்கிறோம். திங்கட்கிழமைப் பெரட்டுக்கு நம் மாமன் வரவில்லையானால், “பாவம், இரவெல்லாம் காய்ச்சல்” என்போம். இந்தோனேசியத் தொழிலாளி வரவில்லையானால், “அவர்கள் அப்படித்தான்” என்போம். நன்மையில் இது தலைகீழாகும். நம்மவர் நல்லது செய்தால் அது வளர்ப்பு. பிறர் செய்தால் அது ஏதோ ஓர் ஆதாயத்திற்காக. இந்தக் கணக்கில் எதிர்த் தரப்பினர் வெல்லவே முடியாது.

அப்படியானால் எதனால் இது குறையும்? ஒன்றாகக் கூட்டி உட்கார வைத்தால் போதும் என்பது பொதுவான நம்பிக்கை. துருக்கியில் பிறந்த முசபர் செரீப் என்னும் ஆய்வாளர் 1954 ஆம் ஆண்டுக் கோடையில் அதனைச் சோதித்தார். அமெரிக்காவின் ஒக்லகோமா மாநிலத்தில் ஒரு காட்டு முகாமுக்கு, ஏறக்குறைய 11 வயதுள்ள 22 சிறுவர்கள் அழைத்துச் செல்லப்பட்டனர். எல்லாரும் ஒரே வகைக் குடும்பத்துப் பிள்ளைகள். இரு குழுவாகப் பிரித்துத் தனித்தனியே தங்க வைத்தனர். ஒரு குழு தன்னைக் கழுகுகள் என்றும், மற்றது விரியன் பாம்புகள் என்றும் அழைத்துக்கொண்டது. கயிறு இழுத்தல், பந்தாட்டம் முதலிய போட்டிகள் வைத்துப் பரிசும் அறிவித்தவுடன், சில நாளிலேயே பகை மூண்டது. கொடியை எரித்தனர், குடிசைக்குள் புகுந்து பொருள்களைச் சிதறடித்தனர்.

பிறகு ஆய்வாளர்கள் இரு குழுவினரையும் ஒரே கூடத்தில் உண்ணச் செய்தனர்; ஒன்றாகத் திரைப்படம் பார்க்கச் செய்தனர். சிறுவர்கள் உணவை எடுத்து ஒருவர்மேல் ஒருவர் எறிந்தனர். வெறும் விருந்தால் பகை தீரவில்லை என்பதை நாம் கவனிக்க வேண்டும். அடுத்து, முகாமின் தண்ணீர் வரத்து நின்றது. இரு குழுவும் சேர்ந்து கோளாற்றைத் தேடினால்தான் தண்ணீர். படம் வாடகைக்கு எடுக்கப் பணம் போதவில்லை; இரு குழுவும் சேர்ந்து போட்டால்தான் படம். உணவு கொண்டுவரும் லாரி நின்றுவிட்டது. எல்லாரும் சேர்ந்து இழுத்தால்தான் சோறு. போட்டியில் எதிரெதிரே இழுத்த அதே கயிற்றை லாரியில் கட்டி, எல்லாரும் ஒரே பக்கம் நின்று இழுத்தனர். ஒரு நாளில் மாற்றம் வரவில்லை; இவ்வகை வேலைகள் அடுத்தடுத்து வந்தபின் வந்தது. முகாம் முடிந்தபோது ஒரே பேருந்தில் போக அவர்களே விரும்பினர். வழியில், விரியன் குழுவினர் தாம் பரிசாக வென்ற ஐந்து டாலரை எடுத்து, எல்லாருக்குமாகப் பால் பானம் வாங்கினர்.

இந்தச் சோதனையைக் குறை கூறுவோரும் உளர். பகையை மூட்டிவிட்டதில் ஆய்வாளர்களின் கையும் இருந்தது என்பர். அதற்கு முந்திய ஆண்டு, 1953 இல், அவர்கள் நடத்திய மற்றொரு முகாமில் பகை மூளவேயில்லை. அச்சிறுவர்கள் பிரிக்கப்படுவதற்கு முன்பே கூடி நண்பர்களாகிவிட்டிருந்தனர். நமக்கு அதுவும் ஒரு பாடமே.

கூட்டு வேலையைப் பாடமுறையாக்கியவர் எலியட் அரன்சன். 1971 இல் டெக்சஸ் மாநிலத்து ஆஸ்டின் நகரில், கறுப்பர், வெள்ளையர், மெக்சிகோ வழியினர் பிள்ளைகள் முதன்முதலாக ஒரே வகுப்பில் உட்கார வைக்கப்பட்டபோது சண்டை மூண்டது. அவர் பிள்ளைகளைச் சிறு குழுக்களாகப் பிரித்தார். ஒரு பாடத்தைத் துண்டுகளாக்கி, ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு துண்டை மட்டும் கொடுத்தார். தன் துண்டை மற்றவருக்குக் கற்பிப்பது அந்தப் பிள்ளையின் பொறுப்பு. தேர்வு முழுப் பாடத்திலும் நடக்கும். ஆங்கிலம் தடுமாறும் பிள்ளையைக் கேலி செய்தால் அதன் துண்டு கிடைக்காது. தேர்வில் தோற்பது கேலி செய்தவரே. விரைவில் பிள்ளைகள் கேலியை விட்டுப் பொறுமையாகக் கேள்வி கேட்கக் கற்றனர். நல்லவர்களாக இருங்கள் என்று அவர்களுக்கு எவரும் உபதேசம் செய்யவில்லை. ஒருவர் இல்லாமல் மற்றவருக்கு நடவாது என்ற ஏற்பாடே அவர்களை மாற்றியது.

உபதேசத்தின் எல்லையும் இன்று தெளிவாகத் தெரிந்துள்ளது. 2018 ஏப்ரலில் அமெரிக்காவின் பிலடெல்பியா நகரில் ஒரு ஸ்டார்பக்ஸ் காப்பிக் கடையில் நண்பருக்காகக் காத்திருந்த கறுப்பர் இருவர் போலீசாரால் கைது செய்யப்பட்டனர். நாடெங்கும் கண்டனம் எழவே, அந்நிறுவனம் மே மாதம் 29 ஆம் நாள் பிற்பகல் 8,000 க்கும் மேற்பட்ட கடைகளை மூடி, ஏறத்தாழ 175,000 ஊழியருக்குத் தப்பெண்ணத்தைப் பற்றிப் பயிற்சி அளித்தது. செயல் பாராட்டத்தக்கதே. ஆனால் ஒரு பிற்பகல் போதுமா? ஃபிராங்க் டொபின், அலெக்சாண்ட்ரா காலெவ், எரின் கெல்லி ஆகியோர் 708 அமெரிக்க நிறுவனங்களின் முப்பதாண்டுக் கணக்கை ஆராய்ந்து 2006 இல் வெளியிட்டனர். பயிற்சி வகுப்பு மட்டும் நடத்திய நிறுவனங்களில், பெண்களும் கறுப்பரும் மேற்பதவிக்கு வந்தது மிகக் குறைவாகவே உயர்ந்திருந்தது. இதனைக் கவனிப்பது இன்னாருடைய பொறுப்பு என்று ஆள் வைத்து நிர்ணயித்த நிறுவனங்களில் பலன் நன்கு தெரிந்தது. ஆண்டுக்கு ஒரு நாள் மண்டபத்தில் கூட்டி, சொற்பொழிவாற்றி, பலகாரம் கொடுத்து அனுப்புவதில் நமக்கு நம்பிக்கை குறைவு என்பதை மறைக்க வேண்டியதில்லை.

பிள்ளைகளைக் கண்ணின் நிறத்தால் உயர்ந்தோர் தாழ்ந்தோர் என்று பிரித்து, இழிவின் வலியை உணர்த்திய ஒரு பாடமும் உண்டு. ஜேன் எலியட் என்ற ஆசிரியை 1968 இல் அயோவா மாநிலத்துச் சிற்றூர் ஒன்றில் அதை நடத்தினார். பெரும் புகழ் பெற்ற பாடம்தான். ஆயினும், ஏற்கெனவே இழிவைச் சுமந்த பிள்ளைகளிடம் அதைச் செய்து பார்க்கலாகாது என்பது நம் கருத்து.

நம் தோட்டங்களுக்குப் பொருந்துவதாகத் தோன்றும் பயிற்சி வேறொன்று. அமெரிக்காவின் இல்லினாய் பல்கலைக்கழகத்தில் ஃபிரெட் ஃபீட்லர், ஹாரி டிரயாண்டிஸ் முதலியோர் 1960 களில் உருவாக்கியது. தாய்லாந்து, அரபு நாடுகள், ஹோண்டுராஸ் ஆகியவற்றுக்குப் பணிசெய்யப் போகும் அமெரிக்கருக்காக அவர்கள் சிறு நிகழ்ச்சிகளை எழுதினர். இரு பண்பாட்டினர் சந்தித்து மனத்தாங்கல் நேரும் நிகழ்ச்சிகள் அவை. கீழே நான்கு விளக்கங்கள் இருக்கும். படிப்பவர் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும். பிறகு அது ஏன் சரி, ஏன் தவறு என்பது சொல்லப்படும். பிறருடைய செயலுக்கு முதலில் தோன்றும் காரணத்தோடு நின்றுவிடாமல், வேறு காரணங்களையும் தேடும் பழக்கத்தை அது உண்டாக்கும்.

அந்த முறையில் நமக்கு ஏற்ற ஒரு நிகழ்ச்சியை எண்ணிப் பார்ப்போம். மண்டோர், புதிதாக வந்த சாவகத் தொழிலாளியிடம், களைக்கொல்லியை எவ்வளவு தண்ணீரில் கலக்க வேண்டும், கையுறை எப்போது அணிய வேண்டும் என்று விளக்குகிறார். தொழிலாளி புன்னகையோடு, “ஆமாம் ஐயா” என்று ஒவ்வொன்றுக்கும் சொல்கிறார். அரை மணி கழித்துப் பார்த்தால், கையுறை இல்லை; அளவும் தவறு. இதற்குக் காரணம் என்ன? அவர் சோம்பேறி, மண்டோரை மதிக்கவில்லை, வேண்டுமென்றே வேலையைக் கெடுக்கிறார், அல்லது, சொன்னது விளங்கவில்லை, ஆனால் விளங்கவில்லை என்று பெரியவர் முகத்திற்கு நேரே சொல்வதை மரியாதைக் குறைவாகக் கருதுகிறார்.

பலர் முதல் மூன்றில் ஒன்றைத் தேர்ந்தெடுப்பார்கள். நான்காவதே பெரும்பாலும் பொருந்தும். சாவக மரபில் மூத்தவரிடம் சொல்லும் ‘ஆமாம்’ என்பது, ‘தாங்கள் பேசுவதைக் கேட்டுக்கொண்டிருக்கிறேன்’ என்ற பணிவைக் காட்டும் சொல்லாகவும் இருக்கும். இணக்கத்தையோ விளக்கத்தையோ எப்போதும் குறிக்காது. நம் வீடுகளிலும் மாமனாருக்கு மருமகள் சொல்லும் ‘சரிங்க’ எல்லாம் சம்மதமன்று என்பதை நினைத்துப் பார்த்தால் இது விளங்கும். பரிகாரமும் எளிது. “புரிந்ததா?” என்று கேட்கக்கூடாது, அதற்கு ஒரே விடைதான் வரும். “ஒரு தடவை கலந்து காட்டு தம்பி” என்று கேட்க வேண்டும். இங்கே தப்பெண்ணம் மனத்தாங்கலோடு நிற்பதில்லை. நஞ்சைக் கையாளும் வேலையில், ‘அவன் சோம்பேறி’ என்ற முடிவு ஒருவர் கண்ணையும் தோலையும் பறித்துவிடும்.

மற்றொன்று, நம்மைப் பிறர் தவறாகப் புரிந்துகொள்வது. சீனக் குத்தகைக்காரர் ஒருவர், நம்மவர் ஒருவரிடம் நாளை காலை வர முடியுமா என்று கேட்கிறார். நம்மவர் தலையை இருபுறமும் மெல்ல ஆட்டுகிறார். நமக்கு அது ‘சரி’ என்பதன் அடையாளம். அவருக்கோ அது ‘இல்லை’ என்பது போலத் தோன்றுகிறது; வேறோர் ஆளைத் தேடிக்கொள்கிறார். மறுநாள் காலையில் போய் நின்ற நம்மவருக்கு வேலையில்லை. “சீனர் வாக்குத் தவறுபவர்” என்று இவரும், “தமிழர் ஒரு நிலையில் நில்லாதவர்” என்று அவரும் ஆண்டுக்கணக்கில் சொல்லித் திரிவார்கள். ஒரு தலையசைப்புக்கு இவ்வளவு நீளமான வாழ்வு!

இத்தகைய நிகழ்ச்சிகளை நாமே எழுதலாம். இடக்கையால் பொருளை நீட்டுதல், ஆட்காட்டி விரலால் ஆளைச் சுட்டுதல், நோன்பு மாதத்தில் பகலில் உணவை வற்புறுத்துதல், பன்றி இறைச்சி பற்றியும் மாட்டிறைச்சி பற்றியும் ஒருவர் மற்றவர் முன் பேசுதல் என்று ஒவ்வொரு தோட்டத்திலும் பத்து நிகழ்ச்சிகளுக்குக் குறைவிராது. ஓர் எச்சரிக்கை மட்டும் வேண்டும். சாவகர் எல்லாரும் ‘ஆமாம்’ என்பவர்கள் என்று மனப்பாடம் செய்துகொண்டால், பழைய முத்திரையை அழித்துப் புதிய முத்திரை குத்தியதாகிவிடும். நிகழ்ச்சி கற்பிப்பது கேட்டுப் பார்க்கும் பழக்கத்தையே.

பந்தாட்டம் இன ஒற்றுமையை வளர்க்கும் என்று நாம் அடிக்கடி சொல்கிறோம். அதற்கும் ஒரு சோதனை நடந்துள்ளது. ஈராக்கில் ஐ.எஸ். தீவிரவாதிகளால் வீடிழந்த கிறித்தவ இளைஞர்களிடையே சல்மா மூசா என்ற ஆய்வாளர் கால்பந்துப் போட்டிகளை நடத்தி, 2020 இல் முடிவை வெளியிட்டார். சில குழுக்களில் கிறித்தவர் மட்டும். சில குழுக்களில் முஸ்லிம் ஆட்டக்காரரும் சேர்க்கப்பட்டனர். எந்தக் குழு எவ்வகை என்பதைக் குலுக்கல் முறை முடிவு செய்தது. கலப்புக் குழுவில் ஆடியவர்கள், அடுத்த பருவத்திலும் கலப்புக் குழுவிலேயே பெயர் கொடுக்க மற்றவரைவிட முன்வந்தனர். ஆறு மாதம் கழித்தும் முஸ்லிம்களோடு சேர்ந்து பயிற்சி செய்தனர். ஆனால் முன்பின் அறியாத முஸ்லிம்கள் கூடும் நிகழ்ச்சிக்கோ, அவர்கள் மிகுந்த நகரத்து உணவுக் கடைக்கோ போவதில் அவ்வளவு மாற்றமில்லை. கூட ஆடியவரிடம் நம்பிக்கை பிறந்தது, அறியாதவரிடம் பிறக்கவில்லை. ஆகவே தமிழர் ஒரு பக்கம், இந்தோனேசியர் மறு பக்கம் என்று திடலில் ஆட்டம் வைப்பதை ஒற்றுமை விழா என்று அழைக்க நாம் தயங்க வேண்டும். அது ஒக்லகோமாவின் கயிறு இழுத்தல். இரு பக்கத்திலும் இரு நாட்டாரும் இருக்குமாறு பிரித்தால்தான் அது வேறாகும்.

தோட்டத்தில் இதை நடத்திப் பார்க்க விரும்பும் மன்றத்தாருக்கும் சங்கக் கிளையினருக்கும் ஒரு முறையைச் சொல்லி வைப்போம். எட்டு அல்லது பத்துப் பேர் போதும். விரும்பி வருபவர்களே வரட்டும். முதற் கூட்டத்தில் ஒவ்வொருவரும் ஒரு தாளை இரண்டாக மடித்து, கடந்த வாரம் பிற இனத்தவர் ஒருவர் செய்து தமக்குப் பிடிக்காமற்போன ஒரு செயலை ஒரு பக்கத்தில் எழுத வேண்டும். மறு பக்கத்தில், அதே செயலை நம் சொந்தத் தம்பி செய்திருந்தால் என்ன காரணம் சொல்லியிருப்போமோ அதனை எழுத வேண்டும். எழுத இயலாதவர் வாயால் சொல்லலாம். பிறகு, இயன்றால் அந்த இனத்தவர் ஒருவரையே அழைத்து, உண்மைக் காரணம் எதுவாக இருக்கும் என்று கேட்க வேண்டும். அவரை ‘பங்களா’ என்றோ ‘இந்தோன்’ என்றோ அழைக்காமல் பெயரால் அழைக்க வேண்டும் என்பது சொல்லாமலே விளங்கும். அவருடைய பெயரைச் சரியாக உச்சரிக்கக் கற்பதற்கே முதல் ஐந்து நிமிடம் செலவாகலாம், ஆகட்டும்.

அடுத்த ஒரு மாதத்திற்கு, இருவர் சேர்ந்து செய்யும் வேலை ஒன்றை இரு நாட்டாரும் இணையாகச் செய்யுமாறு மண்டோரிடம் கேட்டுக்கொள்ளலாம். கோயில் அல்லது சூராவ் வளாகத்துக் கால்வாயைத் துப்புரவு செய்தல், மழைக்காலத்தில் பாலத்தைச் சீர்செய்தல் போன்றவை பொருத்தமானவை. இரு தரப்பினரும் நடக்கும் பாலமானால் இன்னும் நல்லது. யார் யாரோடு இணை என்பதைச் சீட்டுக் குலுக்கி எடுக்க வேண்டும். விரும்பியவரை விரும்பியவர் எடுத்துக்கொண்டால் பழையவர்களே பழையபடி சேர்ந்துகொள்வர். இரண்டு வாரத்திற்கு ஒரு முறை சீட்டை மீண்டும் குலுக்கலாம்.